ஆய்வாளரின் பேரேட்டைப் படிப்பது எப்படி? உயிர்மருத்துவ ஆய்வுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

முனைவர் பட்டத்துக்கு நெறியாளர் தேடும் மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "சார், ஒருத்தருக்கு எச்-இன்டெக்ஸ் இருபத்தொன்னு, இன்னொருத்தருக்குப் பதினாறு. யார்கிட்ட சேர்றது?" காரைக்குடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருவதில் வியப்பில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்துப் பழைய கணக்குப்பிள்ளைகள் முதலில் நாள்வழி எழுதுவார்கள், அதிலிருந்து பேரேட்டில் ஏற்றுவார்கள், எல்லாம் நேரான பிறகே ஐந்தொகை, அதாவது முழுக் கணக்கின் இறுதிச் சுருக்கம், எடுப்பார்கள். எச்-இன்டெக்ஸ், அதாவது ஒருவரின் கட்டுரைகளையும் அவற்றை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கையையும் சேர்த்துச் சுருக்கும் ஒற்றை எண், அந்த ஐந்தொகை. நாள்வழியும் பேரேடும் பார்க்காமல் ஐந்தொகையை மட்டும் நம்பி எந்தச் செட்டியாரும் ரங்கூனில் கடன் கொடுத்ததில்லை.

உயிரித் தொழில்நுட்பம், உயிரிதகவலியல், மருந்தியல், நுண்ணுயிரியல் போன்ற துறைகளில் புதிதாக நுழையும் ஒருவர், ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலையும் மேற்கோள் எண்ணிக்கையையும் தாமே சரிபார்த்துப் படிக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை. இதற்கு இணைய வசதியுள்ள ஒரு கணினி, ஓர் எக்ஸெல் தாள் அல்லது கோடு போட்ட நோட்டு, யாரும் கூப்பிடாத அரைநாள் ஆகியவை போதும்.

முதலில் ஆள் யார் என்று உறுதிசெய்யுங்கள்

நம் ஊர்ப் பெயர்களுக்கு இந்தப் படிதான் மிகக் கடினமானது. உலகின் தரவுத்தளங்கள் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்ற அமைப்பை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான் உண்டு. நகரத்தார் வீடுகளில் இன்னும் சிக்கல். பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்துக்கோவையை விலாசம் என்பார்கள்; பாட்டன், தந்தை பெயர்களின் தலையெழுத்துகள் அதில் வரிசையாக நிற்கும்; கடல் கடந்து தொழில் செய்த, அதாவது கொண்டுவிற்ற, காலத்தில் அந்த விலாசமே கடையின் பெயராகவும் இருந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் தலைமுறைக்குத் தலைமுறை திரும்பவும் வருகிறது. தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் ராமநாதன், சிதம்பரம், பழனியப்பன், மெய்யப்பன் என்ற பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தவர்களுக்கு, ஓர் ஆய்விதழ் அவற்றைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு ஒற்றை முன்னெழுத்தோடு அச்சிட்டால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஒருமுறை ஒரு மாணவி 71 கட்டுரைகள் கொண்ட அச்சுப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் சேர விரும்பிய பேராசிரியர் புற்றுநோய்ச் செல்களில் வேலை செய்பவர். பட்டியலின் நடுவிலோ நெற்பயிரின் குலைநோயைப் பற்றிய கட்டுரைகள் வரிசையாக நின்றன. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு கட்டுரையையும் திறந்து, ஆசிரியர் பெயருக்குக் கீழே உள்ள நிறுவன முகவரியைப் பார்த்தோம். இருபத்து மூன்று கட்டுரைகள் வேறொரு மாநிலத்தில் அதே பெயரும் அதே முன்னெழுத்தும் கொண்ட வேளாண் ஆய்வாளருடையவை. அடித்தது போக 48 மிஞ்சின. பிறகு பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி, 'த'வுக்கு ஈரெழுத்து போடாமல் ஓரெழுத்து மட்டும் போட்டுத் தேடியபோது, பட்டியலில் விடுபட்டிருந்த ஒன்பது கட்டுரைகள் கிடைத்தன. அவை அவருடைய ஆரம்பகாலக் கட்டுரைகள். ஆக 57. யாரும் ஏமாற்றவில்லை; இயந்திரம் பெயரை மட்டும் பார்த்துக் கட்டிய மூட்டை அது.

ஆகவே தேடலைத் தொடங்கும்போதே நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆய்வாளர் பெயரை எழுதும் எல்லா வடிவங்களும், அவர் படித்த, பணியாற்றிய நிறுவனங்களும் ஆண்டுகளும், ஆய்வுப் பொருள், அடிக்கடி சேர்ந்து எழுதும் இரண்டு மூன்று பேரின் பெயர்கள். இந்த நான்கில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் ஒரு கட்டுரையை அவர் கணக்கில் ஏற்ற வேண்டும். அவரிடம் ஆர்கிட் எண் இருந்தால் பாதி வேலை மிச்சம். 2012 அக்டோபரில் தொடங்கிய இந்தப் பதிவகம் ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் பதினாறு இலக்க எண் ஒன்றைக் கட்டணமின்றி வழங்குகிறது. பெயர் மாறினாலும் ஊர் மாறினாலும் எண் மாறாது. ஆனால் அதில் என்ன சேர்ப்பது என்பது உரியவர் கையில் இருப்பதால், காலியாகக் கிடக்கும் ஆர்கிட் பக்கங்களும் ஏராளம்.

பட்டியலைத் திரட்டுதல்

உயிர்மருத்துவத்தில் முதலில் போக வேண்டிய இடம் பப்மெட். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1996 முதல் நடத்திவரும் இந்தத் தளத்தில் 3 கோடியே 70 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைக் குறிப்புகள் உள்ளன. யாரும் இலவசமாகத் தேடலாம். இங்கே குடும்பப் பெயரை முதலில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முன்னெழுத்துகளைப் புள்ளியில்லாமல் எழுத வேண்டும். முழுப்பெயரால் தேடும் வசதி 2002க்குப் பிந்திய கட்டுரைகளுக்குத்தான் செல்லும் என்பதை மறக்காதீர்கள். மூத்த பேராசிரியர் ஒருவரின் தொண்ணூறுகளின் உழைப்பு முழுவதும் இந்த ஒரு காரணத்தால் உங்கள் கண்ணில் படாமல் போகலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் பப்மெட் ஓர் எண் தருகிறது. அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பப்மெட் நூலகத்தின் அட்டவணையைப் போன்றது. என்ன இருக்கிறது என்று சொல்லும். எத்தனை பேர் அதை எடுத்தாண்டார்கள் என்பதற்கு வேறு இடங்களுக்குப் போக வேண்டும். அவற்றுள் மூன்று முக்கியமானவை. வெப் ஆஃப் சயின்ஸ் மூத்தது. 1955இல் சயின்ஸ் இதழில் யூஜின் கார்ஃபீல்டு முன்வைத்த மேற்கோள் அகரவரிசை என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது. அதற்கு ஏழாண்டு முன்னதாக, 1948இலேயே, சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை வளர்த்த எஸ். ஆர். ரங்கநாதன், நூலகப் பணிக்கு எண்ணியல் அளவைகள் வேண்டும் என்று 'லைப்ரமெட்ரி' என்ற சொல்லை உருவாக்கியிருந்தார் என்பதை நூலகர் என்ற முறையில் சொல்லாமல் கடக்க மனமில்லை. மற்ற இரண்டும், அதாவது எல்சவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும், 2004ஆம் ஆண்டின் குழந்தைகள்.

ஒரே ஆய்வாளருக்கு இந்த மூன்றும் மூன்று எண்கள் காட்டும். கூகுள் ஸ்காலரின் எண் பெரும்பாலும் மிகப் பெரியது. அது ஆய்வேடு, புத்தகம், மாநாட்டுத் தொகுப்பு, ப்ரீபிரின்ட் (இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடும் கட்டுரை வடிவம்) என்று இணையத்தில் கிடைப்பதையெல்லாம் எண்ணுகிறது. மற்ற இரண்டும் தாம் தேர்ந்தெடுத்த இதழ்களுக்குள் மட்டும் எண்ணுகின்றன. எது சரி என்று கேட்பதைவிட, ஒப்பிடும் இருவருக்கும் ஒரே தளத்தில், ஒரே நாளில் எண்ணை எடுப்பதே முக்கியம். ஒருவருக்கு ஸ்காலரிலும் மற்றவருக்கு ஸ்கோபஸிலும் எடுத்து ஒப்பிடுவது, ஒருவருக்குப் படியிலும் இன்னொருவருக்குக் கிலோவிலும் அரிசி அளந்து யாருக்கு அதிகம் என்று கேட்பதற்கு ஒப்பாகும். ஸ்கோபஸுக்குச் சந்தா வேண்டும் என்றாலும், ஆய்வாளர் பெயரைத் தேடிச் சுருக்க விவரத்தைப் பார்க்கும் இலவசப் பக்கம் ஒன்று உண்டு. கட்டுரைகளை முழுதாகப் படிப்பதற்கு முன்போல ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்கும் தேவையும் குறைந்துள்ளது: நடுவண் அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 முதல் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. உங்கள் நிறுவனம் அதில் இருக்கிறதா என்று நூலகரைக் கேளுங்கள்; கேட்டால் அவர் மகிழ்வார்.

வகை பிரித்தல்

57 கட்டுரைகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. எக்ஸெல் தாளில் 'வகை' என்று ஒரு பத்தியை ஒதுக்கி, ஒவ்வொன்றும் மூல ஆய்வா, மீள்நோக்குக் கட்டுரையா, ஒற்றை நோயாளி பற்றிய அறிக்கையா, மருத்துவப் பரிசோதனையா (கிளினிக்கல் டிரயல்), ஆசிரியருக்கு எழுதிய கடிதமா, மாநாட்டுச் சுருக்கமா என்று குறியுங்கள். மீள்நோக்குக் கட்டுரை, அதாவது எல்லோரும் சொல்லும் ரிவ்யூ, பொதுவாக மூல ஆய்வைவிட அதிக மேற்கோள் ஈட்டும். முன்னுரை எழுத உட்காரும் எவருக்கும் அது கைவாக்கில் கிடைக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் ஒருவரின் மேற்கோள்களில் பெரும்பங்கு இரண்டு ரிவ்யூக்களிலிருந்து வருகிறது என்றால், அவருடைய ஆய்வகத்தில் என்ன கண்டுபிடித்தார்கள் என்ற கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லவில்லை.

பயோஆர்கைவ், மெட்ஆர்கைவ் போன்ற தளங்களில் வரும் ப்ரீபிரின்டுகளைத் தனியே குறியுங்கள். அவை சக வல்லுநர் மதிப்பீட்டுக்கு முந்தியவை. பின்னர் இதழில் வெளிவந்திருந்தால் இரண்டையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். மருத்துவப் பரிசோதனைக் கட்டுரை என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தின் எண் உள்ளதா என்று பாருங்கள். 2007 ஜூலையில் தொடங்கிய அந்தப் பதிவகத்தில் முன்கூட்டியே பதிவுசெய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம்.

ஆசிரியர் வரிசை

இந்த ஒரு படிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள் என்பேன். வேறு எந்த எண்ணும் சொல்லாததை இது சொல்லும்.

கணிதத்தில் ஆசிரியர் பெயர்களை அகரவரிசையில் எழுதும் வழக்கம் உண்டு. உயிர்மருத்துவத்தில் இடத்துக்குப் பொருள் உண்டு. முதலில் நிற்பவர் மேசையில் நின்று வேலை செய்தவர், பெரும்பாலும் மாணவர். கடைசியில் நிற்பவர் ஆய்வகத் தலைவர். எண்ணமும் நிதியும் அவருடையவை. தொடர்புக்குரிய ஆசிரியர் என்று நட்சத்திரமிட்டுக் காட்டப்படுபவர் கட்டுரைக்குப் பொறுப்பேற்பவர். நடுவில் நிற்போர் ஒரு சோதனையைச் செய்து கொடுத்தவராகவோ, மாதிரியைக் கொடுத்தவராகவோ, புள்ளியியல் பார்த்தவராகவோ இருப்பார்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு ஆசிரியருக்கு நான்கு தகுதிகளைச் சொல்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுமைக்கும் பதில்சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். துறைத்தலைவர் என்பதற்காகப் பெயர் சேர்ப்பது இந்த நான்கில் எதிலும் அடங்காது, ஆனாலும் நடக்கிறது. இப்போது பல இதழ்கள் கட்டுரையின் முடிவில் யார் என்ன செய்தார்கள் என்று 14 வகைப் பங்குகளாகப் பிரித்து அச்சிடுகின்றன. சிறிய எழுத்தில் இருக்கும் அந்தப் பத்தியைத் தவறாமல் படியுங்கள்.

இப்போது எக்ஸெல் தாளில் மூன்று பத்திகள் சேருங்கள்: மொத்த ஆசிரியர்கள், இவருடைய இடம், முதல் ஆசிரியரின் பெயர். உலக நோய்ச்சுமை ஆய்வு போன்ற பெருங்கூட்டுப் பணிகளின் கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானோர் பெயர் இருக்கும். அவை லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்து பெரும் எண்ணிக்கையில் மேற்கோள் பெறும். அப்படி நான்கு கட்டுரைகளில் நடுவில் நின்ற ஒருவரின் மொத்த எண்ணிக்கை ஒரே ஆண்டில் வானத்துக்கு ஏறிவிடும். அந்தப் பங்கும் உண்மையானதே. ஆனால் அந்த உயரத்தை அவருடைய ஆய்வகத்தின் உயரமாகக் கொள்ளாதீர்கள்; பிரித்து எழுதுங்கள்.

மூன்றாவது பத்திதான் மாணவர்களுக்கு உயிரானது. நெறியாளர் கடைசி ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளில் முதலில் நிற்பவர்கள் யார் யார்? ஒவ்வொரு இரண்டு மூன்று ஆண்டுக்கும் ஒரு புதுப் பெயர் முதலிடத்துக்கு வந்து, இரண்டு மூன்று கட்டுரைகளுக்குப் பின் அது வேறொரு நிறுவனத்தின் முகவரியோடு தனியே தோன்றுகிறது என்றால், அங்கே மாணவர்கள் வளர்ந்து வெளியேறுகிறார்கள். பத்து ஆண்டாக ஒரே பெயர் முதலிடத்தில் இருந்து, மற்றவர்களெல்லாம் நடுவிலேயே இருந்து மறைகிறார்கள் என்றால், அந்த நடுவில் நீங்களும் நிற்க நேரலாம். அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு சோத்கங்கா தளத்தில் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே முழுதாகக் கிடைக்கின்றன. ஆய்வேட்டின் ஆண்டையும் அந்த மாணவரின் முதல் கட்டுரையின் ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே, அந்த ஆய்வகத்தில் பட்டம் வாங்க எத்தனை ஆண்டு ஆகிறது என்று ஓரளவு பிடிபடும். எச்-இன்டெக்ஸ் இருபத்தொன்றா பதினாறா என்று கேட்டவர்களை நான் எப்போதும் முதலில் இந்தப் பத்தியை நிரப்பிக்கொண்டு வரச் சொல்வேன். நிரப்பிக்கொண்டு வந்தவர்களில் பலர் பழைய கேள்வியைத் திரும்பக் கேட்கவில்லை.

இப்போதுதான் கணக்கு

எச்-இன்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி வரிசை எண் போடுங்கள். மேற்கோள் எண்ணிக்கை வரிசை எண்ணுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும் கடைசி வரிசை எண்தான் எச்.

ஒருவருக்கு 12 கட்டுரைகள், அவற்றின் மேற்கோள்கள் முறையே 142, 61, 33, 20, 14, 9, 8, 7, 4, 2, 0, 0 என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது கட்டுரைக்கு 8 மேற்கோள், ஏழைவிட அதிகம். எட்டாவதற்கு 7; எட்டைவிடக் குறைவு. ஆகவே எச் 7. மொத்தம் 300. பத்தும் அதற்கு மேலும் பெற்ற கட்டுரைகளை எண்ணும் ஐ-10 என்ற ஸ்காலர் அளவு 5.

இங்கே பென்சிலை எடுத்து ஒரு சோதனை செய்யுங்கள். முதல் கட்டுரையை, 142 மேற்கோள் பெற்றதை, அடித்துவிட்டு மீண்டும் எண்ணுங்கள். மொத்தம் 158ஆகச் சரிகிறது. கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. எச் எவ்வளவு? அதே 7. அவருடைய வாழ்நாளின் சிறந்த கட்டுரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த அளவுகோலுக்கு ஒன்றுதான். நடுத்தரமாகவும் தொடர்ச்சியாகவும் எழுதுகிறவரை அது நன்றாகக் காட்டும். ஒரே ஒரு பெரிய வேலை செய்தவரைக் காட்டாது. மொத்த எண்ணிக்கைக்கு இதற்கு நேர் எதிரான குணம். அதனால்தான் இரண்டையும், கூடவே நடுக் கட்டுரையின் மேற்கோளையும் சேர்த்து எழுதச் சொல்கிறேன். இந்த எடுத்துக்காட்டில் நடுவில் நிற்கும் இரண்டும் 9, 8; ஆக எட்டரை.

எச் ஒருபோதும் குறையாது, வயதோடு கூடிக்கொண்டே போகும். முதல் கட்டுரை வெளிவந்து எத்தனை ஆண்டு ஆகிறது என்பதால் அதை வகுத்துப் பார்க்கும் முறையையும் ஹிர்ஷே சொல்லியிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதுப் பேராசிரியரின் 21ஐயும் முப்பத்தெட்டு வயதுக்காரரின் 16ஐயும் அப்படி வகுத்துப் பாருங்கள். மகப்பேறு, நோய், பாட்டி வீட்டுப் பொறுப்பு என்று நின்றுபோன ஆண்டுகளையும் கணக்கில் கொள்ளுங்கள். எந்தத் தளமும் அதைத் தானாகக் கழிக்காது.

துறையும் முக்கியம். ஹிர்ஷின் அந்தக் கட்டுரையிலேயே இயற்பியலில் உச்சமாக எட்வர்ட் விட்டனுக்கு 110 என்றும், உயிரியலில் உச்சமாக சாலமன் ஸ்னைடருக்கு 191 என்றும் இருந்தது. உயிரியலாளர் கூடுதல் அறிவாளி என்பது இதற்குப் பொருளன்று; அந்தத் துறையில் ஆள் அதிகம், கட்டுரை அதிகம், ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் உள்ள பட்டியல் நீளம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. மின்கலம் ஆராயும் ஒருவரின் எண்ணையும் கொசுவின் குடல் நுண்ணுயிரிகளை ஆராயும் ஒருவரின் எண்ணையும் டீக்கடையில் வைத்து ஒப்பிட்டால், டீக்கு மட்டும்தான் ஆதாயம்.

துறை வேறுபாட்டைச் சரிசெய்த அளவு வேண்டுமானால் உயிர்மருத்துவத்துக்கு ஓர் இலவச வழி இருக்கிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஐசைட் தளத்தில், நோட்டில் எழுதிவைத்த பப்மெட் எண்களை ஒட்டினால், ஒவ்வொரு கட்டுரைக்கும் சார்பு மேற்கோள் விகிதம் என்ற எண் வரும். அந்த நிறுவன நிதியில் வந்த கட்டுரைகளின் நடுமதிப்பு 1 என்று கொண்டு அது அளக்கிறது. இரண்டு என்றால் அதைப்போல் இரு மடங்கு. நான் அதிகம் நம்பும் எண் இதுதான். இருந்தும், சென்ற ஆண்டு வெளிவந்த கட்டுரைக்கு இதுவும் உறுதியாக எதையும் சொல்லாது.

மேற்கோளைத் திறந்து பார்த்தல்

எண்ணை எழுதியபின் பட்டியலின் முதல் ஐந்து கட்டுரைகளுக்காவது, மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலைத் திறந்து மேலோட்டமாகப் பாருங்கள். காட்டியவர்களில் எத்தனை பேர் அவரே, அவருடைய கூட்டாளிகளே? தன் முந்தைய வேலையைச் சுட்டுவது இயல்பு, ஆய்வு தொடர்ச்சியானது. அது பாதிக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். கலியாண வீட்டு மொய் நோட்டு நமக்குத் தெரியும்: இன்று இவர் எழுதுகிறார், நாளை அவர் வீட்டில் இவருக்குத் திருப்பி எழுதப்படுகிறது. மொய்க்கு அது அழகு. இரண்டு ஆய்வகங்கள் ஒன்றின் கட்டுரையை மற்றது இப்படி முறை வைத்து எழுதிக்கொண்டால் அது அழகல்ல.

மேற்கோள் என்பது பாராட்டும் அல்ல. தட்டம்மைத் தடுப்பூசி கலந்த முத்தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்துப் பேசிய 1998ஆம் ஆண்டின் லான்செட் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள் உண்டு. பெரும்பாலானவை அதை மறுத்தவை. மறுபக்கம், உலகிலேயே மிக அதிகம் மேற்கோள் பெற்றது 1951இல் லவ்ரியும் குழுவினரும் புரதத்தை அளக்கும் முறையைச் சொன்ன கட்டுரை. 3 லட்சத்தைத் தாண்டியது. அது நோயைக் குணப்படுத்தவில்லை, எல்லோருக்கும் ஓர் அளவுபடியைக் கொடுத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், ஃபிஸ்குடன் சேர்ந்து 1925இல் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவீட்டு முறையும் அதே இனம். இன்னொரு வகையும் உண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜி. என். ராமச்சந்திரனும் இரு சகாக்களும் வெளியிட்ட வரைபடம் இன்று புரத அமைப்பைத் தீர்மானிக்கும் எவரும் சரிபார்ப்புக்குப் பயன்படுத்துவது. பாடநூலாகிவிட்டதால் 'ராமச்சந்திரன் பிளாட்' என்று பெயரைச் சொல்லிவிட்டு மூலக் கட்டுரையைச் சுட்டாமல் போகிறவர்கள் ஏராளம். பேர் நிலைத்தால் மேற்கோள் நின்றுபோகும் என்பது இத்துறையின் விநோதம்.

இதழைப் பற்றிச் சுருக்கமாக

இம்பாக்ட் ஃபேக்டர் இதழின் எண். கட்டுரையின் எண்ணோ ஆளின் எண்ணோ அல்ல. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இந்த ஆண்டில் வந்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுகளின் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. நேச்சர் இதழே 2005இல் தன் தலையங்கத்தில், தன்னுடைய எண்ணில் 89 விழுக்காட்டை 25 விழுக்காட்டுக் கட்டுரைகளே ஈட்டித் தந்தன என்று ஒப்புக்கொண்டது. எனவே ஆய்வாளரின் கட்டுரைகள் வந்த இதழ்களின் இம்பாக்ட் ஃபேக்டர்களைக் கூட்டி 'மொத்தம் 214.6' என்று தன்விவரக் குறிப்பில் எழுதியிருந்தால், அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. தனிமனிதரை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்பதே 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கையின் மையக் கருத்து.

காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் தாமாக ஓர் 'இம்பாக்ட் ஃபேக்டரை' முகப்பில் போட்டுக்கொள்கின்றன. உண்மையான எண் கிளாரிவேட் நிறுவனத்தின் பட்டியலில் மட்டுமே இருக்கும். பப்மெட்டில் கட்டுரை தென்படுவதும் முழுச் சான்று அல்ல. தேசிய மருத்துவ நூலகம் தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பான மெட்லைனில் இதழ் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று தனியே பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு நடத்திவந்த, ஏற்கத்தக்க இதழ்களின் கேர் பட்டியல் 2025இல் கைவிடப்பட்டதால், பழைய அறிவுரைக் கையேடுகளில் உள்ள அந்த வரியை அடித்துவிடலாம்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஆய்வாளரின் பெயரையும் ஒருமுறை தேடுங்கள். 2023 முதல் கிராஸ்ரெஃப் அதை யாவருக்கும் இலவசமாகத் தருகிறது. பெயர் கிடைத்தால் பதறாமல் காரணத்தைப் படியுங்கள். தம் பிழையைத் தாமே கண்டு கட்டுரையைத் திரும்பப் பெறுகிறவர் மரியாதைக்குரியவர். படங்களை வெட்டி ஒட்டியதற்காகத் திரும்பப் பெறப்பட்டிருந்தால் வேறு கதை. 40 இதழ்களின் 20,621 கட்டுரைகளைக் கண்ணால் பார்த்துச் சலித்த 2016ஆம் ஆண்டு ஆய்வொன்று 3.8 விழுக்காட்டில் ஐயத்துக்குரிய படங்களைக் கண்டது என்பதால், இது எங்கோ நடப்பதல்ல.

'உலகின் முதல் இரண்டு விழுக்காடு விஞ்ஞானிகள்' என்று பேருந்து நிலையத்தருகே ஃபிளெக்ஸ் வைக்கப்படும் பட்டியலைப் பற்றியும் கேட்பார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜான் இயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவை வைத்து உருவாக்குவது அது. வாழ்நாள் முழுமைக்கு ஒன்று, ஒரே ஆண்டுக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள் உண்டு. ஃபிளெக்ஸில் எது என்று எழுதியிருக்காது. தாளைத் தரவிறக்கி நீங்களே பாருங்கள். சுயமேற்கோளின் பங்குக்கும் அதில் ஒரு பத்தி இருக்கிறது.

எழுதிவைக்கும் முறை, பிறகு உங்கள் பெயர்

எல்லாம் முடிந்தபின் கண்டதை ஒரு பத்தியாக எழுதுங்கள். இந்த வடிவம் போதும்: "2025 மே 12ஆம் நாள் ஸ்கோபஸின்படி 57 கட்டுரைகள், அவற்றில் 38 மூல ஆய்வு, 9 ரிவ்யூ, 10 ஏனையவை. 24இல் கடைசி ஆசிரியர். எச் 17, முதல் கட்டுரை 2003. கடந்த பத்து ஆண்டுகளில் ஆறு வெவ்வேறு மாணவர்கள் முதல் ஆசிரியர்." தளமும் நாளும் இல்லாத எண்ணை எழுதாதீர்கள், அடுத்த மாதம் அது வேறாக இருக்கும்.

கடைசி வேலை உங்களுடையது. முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே ஆங்கிலத்தில் உங்கள் பெயரை எப்படி எழுதப் போகிறீர்கள் என்று முடிவுசெய்து, ஆர்கிட் எண் வாங்கி, அதே வடிவத்தை எல்லா இடத்திலும் எழுதுங்கள். தந்தை பெயரை முழுதாக விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவது நம்மவர்க்கு நல்ல வழி. ஓரெழுத்தை அந்தக் கட்டத்தில் போட்டால் சில இதழ்களின் படிவம் ஏற்காது, சிலவற்றில் உங்கள் சொந்தப் பெயரே முன்னெழுத்தாகக் குறுகிவிடும். பெண்கள் திருமணத்துக்குப் பின் முன்னெழுத்தை மாற்ற வேண்டுமா என்று கேட்பார்கள். குடும்ப அட்டையில் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், கட்டுரையில் மாற்றாதீர்கள் என்பதே என் விடை.

அந்த 71 கட்டுரை மாணவி இறுதியில் அந்தப் பேராசிரியரிடமே சேர்ந்தார். முதல் ஆசிரியர்களின் பெயர்களைக் காட்டிய அந்த மூன்றாவது பத்தி அவருக்குப் பிடித்திருந்தது. ஆர்கிட் படிவத்தை என் மேசையில் வைத்தே நிரப்பினார். குடும்பப் பெயர்க் கட்டத்தில் வந்ததும் நிறுத்தி, வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, பட்டச் சான்றிதழில் அப்பா பெயருக்கு எத்தனை 'எஸ்' என்று கேட்டார். இரண்டு. இரண்டாகவே எழுதினார்.